வேல்ஸ் கிராமப்புறத்தில் அவசரமில்லாத ஒரு நாள்: முதன்முறை போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

வேல்ஸில் கார் ஓட்டத் தொடங்கியதும் கண்ணில் படும் முதல் வெல்ஷ் சொல் 'அரவ்'. வளைவுகளுக்கு முன்பும் ஊர் தொடங்கும் இடத்திலும் தார்ச்சாலையின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருப்பார்கள். மெதுவாகப் போ என்று பொருள். முதன்முறை போனபோது நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரே நாளில் ஐந்து இடங்கள் என்று திட்டம் போட்டு, எதையும் உட்கார்ந்து பார்க்காமல் இருட்டிய பிறகு திரும்பினேன். அடுத்த முறை ஒரே ஒரு பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த நாளைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தென்கிழக்கு வேல்ஸில் அபர்கவென்னி என்ற சந்தை ஊரில் தொடங்கி, லாந்தோனி பள்ளத்தாக்கு வழியாகக் காஸ்பல் பாஸ் கணவாய் ஏறி, மறுபக்கம் ஹே-ஆன்-வை என்ற புத்தக ஊருக்கு இறங்கி, கிரிக்ஹவல் வழியாகத் திரும்பி வரும் ஒரு வட்டம் இது. மொத்தம் சுமார் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர்தான். நம் ஊர் நெடுஞ்சாலைக் கணக்கில் ஒன்றரை மணி நேரம். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், கணவாயில் பனி உறையவும் கூடும். ஏப்ரலில் போனால் ஆட்டுக்குட்டிகள் வயல் முழுக்கத் துள்ளும், ஆனால் குளிர் இன்னும் விட்டிருக்காது. மே கடைசி வாரத்தை ஒட்டி ஹே ஊரில் இலக்கியத் திருவிழா நடக்கும். 1988 முதல் நடந்துவரும் பெரிய விழா அது. அதற்காகவே போகலாம். அமைதி வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

2. வண்டியும் பையும்

இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வாடகைக் காராவது வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால், சுற்றுலா வந்தவர்கள் 12 மாதம் வரை அதை வைத்தே ஓட்டலாம். இங்கும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குப் பழக அதிக நேரம் ஆகாது. இருப்பதிலேயே சிறிய காரைக் கேளுங்கள். ஏன் என்று நான்காவது படியில் புரியும். கியர் பழக்கம் இல்லாதவர்கள் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

மழைக் கோட்டு கட்டாயம். மலைக்காற்றில் குடை நிற்காது. ஈரத்தில் வழுக்காத ஷூ, ஒரு ஃபிளாஸ்க் தேநீர், கொஞ்சம் சில்லறைக் காசு. பள்ளத்தாக்குக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, எனவே முந்தின இரவே வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். காகித வரைபடம் பிடிக்கும் என்றால் ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 'ஓஎல் 13' தாளை வாங்குங்கள். ஒவ்வொரு வேலியும் ஒற்றையடிப் பாதையும் அதில் இருக்கும்.

3. காலை ஒன்பதுக்குக் கிளம்புங்கள்

செவ்வாய்க்கிழமையாக இருந்தால் அபர்கவென்னி சந்தைக் கட்டடத்துக்குள் ஒரு நடை போய், வழிக்கு வெல்ஷ் கேக் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்தான் கேக். உண்மையில் உலர்ந்த திராட்சை போட்டுத் தோசைக்கல் போன்ற இரும்புக் கல்லில் சுட்டெடுக்கும் தட்டையான பலகாரம் அது. சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கும்போது 'போரெ டா' என்று சொல்லிப் பாருங்கள். காலை வணக்கம். நன்றிக்கு 'டியோல்ஹ்', கடைசி ஒலியைத் தொண்டையில் லேசாக உரசிச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்களின் தொடக்கத்தில் இரண்டு எல் சேர்ந்து வருகிறதே, அது நம் ல, ள, ழ மூன்றும் இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் இரு பக்கமும் காற்றை ஊதுங்கள். அதுதான் ஒலி. ழகரத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது நாலைந்து முயற்சியில் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

4. ஒற்றை வழிச் சாலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

பயணத்தில் புதியவர்கள் பயப்படும் பகுதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லான்விஹாங்கல் க்ருகோர்னி என்ற கிராமத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கியதும் பாதை ஒடுங்கத் தொடங்கும். போகப் போக ஒரு கார் மட்டும் போகும் அகலம்தான். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் புதர்வேலி. எதிரே வருவது தெரியாது. ஆங்காங்கே சாலை ஓரம் ஒரு கார் நிற்கும் அளவுக்கு அகலப்படுத்தி வைத்திருப்பார்கள். ஒதுங்குமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடது பக்கம் இருக்கும்போது அதற்குள் ஒதுங்கி நில்லுங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்குள் போகக் கூடாது. அதற்கு நேராக உங்கள் பாதையிலேயே நின்றுவிட வேண்டும், எதிரே வருகிறவர் அதற்குள் புகுந்து சுற்றிப் போவார். அருகில் ஒதுங்குமிடமே இல்லையா? யாருக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அவர் பின்னால் போவார். மேடேறி வருகிறவருக்கு முடிந்தவரை வழி விட வேண்டும். அதனால் ஒவ்வோர் ஒதுங்குமிடத்தைக் கடக்கும்போதும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டே போங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். எதிரே டிராக்டரில் இருப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் கையைத் தூக்குங்கள். அந்தச் சின்ன மரியாதையில்தான் இந்தச் சாலைகள் ஓடுகின்றன. படம் எடுப்பதற்காக ஒதுங்குமிடத்தில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள்.

இந்தச் சாலைக்குச் சட்டப்படி எந்த வேகம் இருந்தாலும் 20 மைலுக்கு மேல் போகத் தோன்றாது. ஊர்களுக்குள் 2023 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான தெருக்களில் 20 மைல்தான் எல்லை, அதையும் கவனியுங்கள்.

5. கும்யோய், லாந்தோனி

முதல் நிறுத்தம் கும்யோய் கிராமத்துப் புனித மார்ட்டின் தேவாலயம். பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படித் தாண்டிப் போகாதீர்கள். மலைச்சரிவு நகர்ந்த நிலத்தில் கட்டியதால் கோபுரம் ஒரு பக்கமும் உள்மண்டபம் இன்னொரு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. உள்ளே நின்றால் நேர்க்கோடு ஒன்றுகூடக் கண்ணுக்குக் கிடைக்காது. நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது.

அங்கிருந்து ஹொன்தி ஆற்றை ஒட்டிப் போனால் லாந்தோனி மடம். 12ஆம் நூற்றாண்டில் அகஸ்டினியத் துறவிகள் இங்கே குடியேறினார்கள். 1530களில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் கைவிடப்பட்டது. கூரை போய்விட்டது, கூர்வளைவுகளின் வரிசை மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் பச்சை மலை தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை.

இங்கே குறைந்தது ஒரு மணி நேரம் இருங்கள். புல்லில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறவுங்கள். மேகம் நகர நகர மலையின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். வெயில் பட்ட இடம் இளம்பச்சை, நிழல் விழுந்த இடம் கரும்பச்சை, பெரணி காய்ந்த சரிவு செம்பழுப்பு. கல்லில் கையை வைத்துப் பாருங்கள், வெயில் அடித்தாலும் நிழல் பக்கம் சில்லென்று இருக்கும். பாசி மேல் விரல் பட்டால் தண்ணீர் கசியும். நடக்கத் தெம்பு இருந்தால் பின்னாலுள்ள ஹாட்டரல் மேட்டின் மேல் ஏறலாம். அந்த முகட்டில்தான் வேல்ஸ், இங்கிலாந்து எல்லை ஓடுகிறது. ஏறும் வழியில் வேலிக் கதவு மூடியிருந்தால் திறந்து போய் மூடிவிடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆடு வளர்ப்பவரின் நிலம் அது.

6. காஸ்பல் பாஸ்

காபெல்-அ-ஃபின்னில் பழைய யூ மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஏற்றம். மேலே போனதும் வேலிகள் மறைந்து வெட்டவெளி. சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த இடத்தைக் கடந்தால், அதற்கப்புறம் ஆடுகள் தாராளமாகச் சாலையில் திரியும் என்று பொருள். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் காரை நிறுத்திவிடுங்கள். குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும்.

கணவாயின் உயரம் 549 மீட்டர். வேல்ஸிலேயே மிக உயரமான சாலைக் கணவாய் இதுதான். 1188இல் சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட வந்த பேராயர் பால்ட்வினின் பயணத்தோடு காஸ்பல், அதாவது நற்செய்தி, என்ற இந்தப் பெயரை இணைத்து ஒரு வாய்வழிக் கதையும் உண்டு. சற்றுக் கீழே ஹே பிளஃப் குன்றின் அடிவாரத்தில் காரை நிறுத்த இடம் இருக்கிறது. மலைக் குதிரைகள் அருகில் வரும். தின்பதற்கு எதையும் கொடுக்காதீர்கள், அவை சாலைக்கு வந்து பழகிவிட்டால் அவற்றுக்குத்தான் ஆபத்து.

7. ஹே ஊரில் மதியம்

ஆக்ஸ்ஃபர்டு சாலை கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்தே சுற்றுங்கள். 1960களில் ரிச்சர்டு பூத் என்பவர் இங்கே பழைய புத்தகக் கடை தொடங்கினார். 1977 ஏப்ரல் 1 அன்று ஹேயைத் தனி நாடு என்று அறிவித்துத் தன்னை அரசராகவும் முடிசூட்டிக்கொண்டார். அவர் தொடங்கி வைத்ததால் இன்று ஊர் முழுக்கப் புத்தகக் கடைகள். கோட்டை வளாகத்தில் திறந்த வெளியிலேயே அலமாரிகள் உண்டு. ஆள் கிடையாது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான்.

சாப்பாட்டுக்கு 'கவ்ல்' கேளுங்கள், ஆட்டுக்கறியும் லீக் தண்டும் கிழங்கும் போட்ட குழம்பு மாதிரியான சூப். சைவர்களுக்கு ரொட்டி மேல் பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றிய வெல்ஷ் ரேர்பிட் இருக்கிறது. ஆனால் அதில் சேர்க்கும் வூஸ்டர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி போன்ற மீன் இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். செம்மறியாட்டுப் பாலில் செய்த ஐஸ்கிரீமும் கிடைக்கும், அதை நான் தவறவிடுவதே இல்லை.

8. திரும்பும் வழி

நாலு மணிக்குக் கிளம்பி டால்கார்த் வழியாக வந்தால் சாலை அகலம், மனசுக்கும் ஓய்வு. கடைசி நிறுத்தம் கிரிக்ஹவல். அஸ்க் ஆற்றின் மேல் உள்ள பழைய கல்பாலத்தை ஒரு பக்கம் நின்று எண்ணினால் 12 வளைவுகள், மறுபக்கம் எண்ணினால் 13. பிள்ளைகள் கூட வந்தால் எண்ண விடுங்கள்.

இந்த ஊரை ஒட்டித்தான், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த குவெர்ன்வேல் மாளிகை இருக்கிறது. 1802இல் சென்னைப் பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய நில அளவைப் பணியை 1823இல் ஏற்று இமயம் வரை கொண்டுபோனவர் அவர். பரங்கிமலையில் ரயில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பெயரை இங்கே கேட்கும்போது ஒரு கணம் நின்றுபோகத் தோன்றும். நான் நின்றேன். அப்புறம் ஆற்றங்கரைக்கு இறங்கி, மிச்சமிருந்த வெல்ஷ் கேக்கைச் சாப்பிட்டேன். அங்கிருந்து அபர்கவென்னி கால் மணி நேரம்தான்.