புது நெட்வொர்க் ஸ்விட்ச் தானாகவே தயாராக

ஒவ்வொரு ஸ்விட்சிலும் கன்சோல் கேபிளைச் செருகி, அதே கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்த வேலையை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் ஒப்படைத்துவிடுவேன்.

அமைப்பு எதுவும் இல்லாத ஸ்விட்ச், மின்சாரம் வந்ததும் ஐபி முகவரி கேட்கும். பதிலோடு, ஆப்ஷன் எனப்படும் எண்ணிட்ட கூடுதல் புலங்களில், 66-இல் கோப்பு இருக்கும் சர்வரின் பெயரையும் 67-இல் அமைப்புக் கோப்பின் பெயரையும் அனுப்புங்கள். சில தயாரிப்புகள் 43 அல்லது 150-ஐ எதிர்பார்க்கும், கையேட்டைப் பாருங்கள்.

எந்தப் பெட்டிக்கு எந்தக் கோப்பு என்பதுதான் தலைவலி. சீரியல் எண்ணை வைத்துப் பிரிக்கலாம், ஆனால் பழுதான பெட்டியை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். என் தேர்வு ஆப்ஷன் 82. கோரிக்கை எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்பதை அதை டிஹெச்சிபி சர்வருக்கு ரிலே செய்யும் (கடத்தும்) ஸ்விட்சே சேர்த்து அனுப்பும். இருக்கும் இடம்தான் அடையாளம். நடுராத்திரியில் யார் மாற்றினாலும் சரியான கோப்பு வந்துவிடும். கேபிளை மட்டும் பழைய போர்ட்டிலேயே செருக வேண்டும். (மாட்டப் போகிறவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.)

முதல் கோப்பில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். மேலாண்மை ஐபி, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி), ஒரு பயனர், எல்எல்டிபி (பக்கத்துக் கருவிகளுக்குத் தன்னை அறிவிக்கும் நெறிமுறை) போதும். எல்எல்டிபி வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அறிவிக்கும். பக்கத்து ஸ்விட்சின் பட்டியலில் புதுப் பெட்டி தெரிந்ததும், அப்புறம் மீதியை அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியில் அனுப்பலாம்.

கோப்பை அனுப்பும் எளிய நெறிமுறையான டிஎஃப்டிபியில் எதுவும் மறையாக்கப்படாது. கடவுச்சொல் உள்ள கோப்புக்கு ஹெச்டிடிபிஎஸ்தான். நம்பகமில்லாத நெட்வொர்க்கில் பெட்டி எழுந்திருக்கப்போகிறது என்றால், 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8572 (பெட்டி பாதுகாப்பாகத் தானே தயாராவதற்கான தரநிலை) அதில் உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள்.