கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் வாங்குவது எப்படி?

விவாகரத்து முடிந்த அன்று அந்தத் தீர்ப்புக் காகிதத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வருஷங்கள் கழித்துத்தான் அதன் அருமை தெரியும். மறுமணம் செய்து புதுத் துணைக்கு கிரீன் கார்டு மனு போடும்போது, முந்தைய திருமணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்கவும் அது வேண்டும். பத்து வருஷமாவது நீடித்த திருமணம் என்றால், 62 வயதுக்குப் பிறகு முன்னாள் துணையின் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் ஓய்வூதியம்) கேட்க வழி உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது இதைத்தான். வக்கீல் கொடுத்த நகல் இரண்டு வீடு மாறியதில் எங்கோ போயிருக்கும்.

இந்தப் பதிவில் கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன். நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டிதான் உதாரணம் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). சான் ஹோசே, சன்னிவேல், குபர்டினோ, மில்பிடாஸ் எல்லாம் அதில் அடங்கும். மற்ற கவுண்டிகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுவே.

பணம் அனுப்புவதற்கு முன் இரண்டே விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: எந்தக் காகிதம், எந்தக் கவுண்டி. வீணாகும் பணமும் மாதங்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தவறியதால்தான்.

படி 1: எந்தக் காகிதம் என்று முடிவு செய்யுங்கள்

கூகுளில் தேடினால் முதலில் வருபவை தனியார் தளங்கள். 'விவாகரத்துச் சான்றிதழ் உடனே' என்று காசு வாங்கிக்கொண்டு, வழக்கு இருந்தது என்ற தகவலை மட்டும் தருவார்கள். அதை எந்த அலுவலகமும் ஏற்காது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மாநில சுகாதாரத் துறை ஒரு பதிவுச் சான்று தருகிறது. ஆனால் 1962 முதல் 1984 ஜூன் வரை நடந்த விவாகரத்துகளுக்கு மட்டும்தான். அதிலும் பெயர்கள், கவுண்டி, கேஸ் நம்பர் என்ற அளவில்தான் விவரம் இருக்கும். கைக்கு வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே 1984 ஜூனுக்குப் பிறகு விவாகரத்து ஆனவர்களுக்கு மாநில அலுவலகத்தில் வேலையே இல்லை.

உங்களுக்கு வேண்டியது, வழக்கு நடந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் தரும் ஜட்ஜ்மென்ட்டின் சான்றிட்ட நகல். அந்தப் படிவத்தின் எண் எஃப்எல்-180. குழந்தைகள் இல்லாமல், ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட திருமணத்தை இருவரும் சேர்ந்து மனுப்போட்டு எளிய முறையில் முடித்திருந்தால், அது எஃப்எல்-825 ஆக இருக்கலாம். ஜட்ஜ்மென்ட் பதிவானதும் கோர்ட் இருவருக்கும் எஃப்எல்-190 என்று ஓர் அறிவிப்பை அனுப்பியிருக்கும். பலரிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அது தீர்ப்பு ஆகாது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கேஸ் நம்பர் அதில் இருக்கிறது.

பழைய வழக்குகளில் ஒரு சிக்கல். 1984-க்கு முன்பு தீர்ப்பு இரண்டு கட்டமாக வந்தது: முதலில் இடைக்காலத் தீர்ப்பு, அப்புறம் இறுதித் தீர்ப்பு. திருமணம் முடிந்தது இரண்டாவதில்தான். பெற்றோரின் பழைய ஆவணத்தைத் தேடுகிறவர்கள் இறுதித் தீர்ப்பு என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

படி 2: எந்தக் கவுண்டி?

திருமணம் சென்னையில் நடந்ததா, லாஸ் வேகாஸில் நடந்ததா என்பது இங்கே கணக்கில் வராது. இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதும் வராது. மனு எந்தக் கவுண்டியில் தாக்கலானதோ அங்கேதான் கோப்பு இருக்கும்.

நினைவில்லை என்றால் சட்டமே துப்பு கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் விவாகரத்து மனு போட, இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுண்டியில் மூன்று மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். மனு போட்ட சமயத்தில் நீங்கள் இருவரும் எந்தெந்த ஊரில் இருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கவுண்டிதான் மிஞ்சும்.

ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. மில்பிடாஸும் ஃப்ரீமான்ட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். மில்பிடாஸ் சான்டா கிளாரா கவுண்டி, ஃப்ரீமான்ட் அலமேடா கவுண்டி. சான் ஹோசேயில் வேலை பார்த்துக்கொண்டு ஃப்ரீமான்ட்டில் குடியிருந்தவருடைய கோப்பு அலமேடாவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: கவுண்டி கிளர்க்-ரெக்கார்டர் அலுவலகம் வேறு, கோர்ட் வேறு. பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்கள் முதலாவதில் கிடைக்கும். விவாகரத்து அங்கே கிடைக்காது.

படி 3: கேஸ் நம்பரைக் கண்டுபிடியுங்கள்

சான்டா கிளாரா சுப்பீரியர் கோர்ட்டின் இணையதளத்தில் பொதுமக்களுக்கான வழக்குத் தேடல் இருக்கிறது. மனுதாரர், எதிர்மனுதாரர் இருவரில் யார் பெயரைப் போட்டும் தேடலாம். நம் பெயர்களுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். சிலருக்குத் தன் பெயரே கடைசிப் பெயராகவும் அப்பா பெயர் முதல் பெயராகவும் மாறியிருக்கும். 'செந்தில்குமார்' ஒரு படிவத்தில் ஒரே சொல்லாகவும், இன்னொன்றில் 'செந்தில்' முதல் பெயர், 'குமார்' கடைசிப் பெயர் என்று பிரிந்தும் போயிருக்கும். மனைவி கணவர் பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்திருந்தால் அது இன்னொரு வடிவம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'த'வுக்கும் 'ழ'வுக்கும் நாம் எழுதும் விதங்கள் வேறு. அதனால் அப்பா பெயர், தன் பெயர், துணையின் பெயர் மூன்றையும் கடைசிப் பெயர் இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். விசா ஸ்டாம்பிலும் அந்தக் கால ஓட்டுநர் உரிமத்திலும் பெயர் எப்படி இருந்தது என்று பார்த்து அதே எழுத்துக்கூட்டலில் தேடுவது நல்லது. வக்கீல்கள் பெரும்பாலும் அதையே மனுவில் போட்டிருப்பார்கள்.

வழக்கு கிடைத்தால் கேஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப வழக்குகளின் எண்ணில் தாக்கலான ஆண்டும் 'எஃப்எல்' என்ற எழுத்துகளும் இருக்கும். வழக்கில் என்னென்ன தாக்கலானது என்ற பட்டியலும் தெரியலாம். ஜட்ஜ்மென்ட் எந்தத் தேதியில் பதிவானது என்று அதில் பாருங்கள்.

பட்டியல் தெரிகிறது, ஆவணம் திறக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். கலிஃபோர்னியா கோர்ட் விதி 2.503, குடும்ப வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் இணையத்தில் பார்ப்பதைத் தடுக்கிறது. கோர்ட்டுக்கு நேரில் போனால் அதே கோப்பு பொது ஆவணம். சீல் வைத்தவையும் ரகசியம் என்று சட்டம் சொல்பவையும் தவிர யாரும் கேட்டுப் பார்க்கலாம். குடும்ப விஷயம் கூகுளில் சிதறாமல் இருக்க இந்த ஏற்பாடு நல்லது என்றே நினைக்கிறேன்.

படி 4: விண்ணப்பியுங்கள்

நேரில் என்றால் சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டர் கோர்ட். கிளம்பும் முன் கவுண்டர் நேரத்தை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பாக இருந்தால் கிடங்கிலிருந்து வரவழைக்க நாளாகும்; கேட்டு வைத்துவிட்டு மறுபடி வரச் சொல்லலாம்.

தபாலில் என்றால் கோர்ட்டின் நகல் விண்ணப்பப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு கடிதம் போதும். கீழே இருப்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சரி:

"கேஸ் நம்பர்: … மனுதாரர்: … எதிர்மனுதாரர்: … ஜட்ஜ்மென்ட் பதிவான தேதி: … இந்த வழக்கில் திருமண உறவை முடித்துவைத்த ஜட்ஜ்மென்ட்டின் சான்றிட்ட நகல் இரண்டு, எல்லா இணைப்புகளுடனும் வேண்டும். கட்டணத்துக்கான செக்கும், தபால்தலை ஒட்டி என் முகவரி எழுதிய உறையும் இணைத்துள்ளேன். என் தொலைபேசி எண்: …"

'திருமண உறவை முடித்துவைத்த' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில வழக்குகளில் முதலில் உறவை மட்டும் முடித்து ஒரு ஜட்ஜ்மென்ட், பிறகு சொத்துக்குத் தனியாக இன்னொன்று என்று இரண்டு இருக்கும். வெறும் ஜட்ஜ்மென்ட் என்று கேட்டால் இரண்டாவது வந்துவிடக்கூடும்.

கட்டணம்: விவாகரத்து ஆவணத்துக்குச் சான்றிட 15 டாலர், நகல் எடுக்கப் பக்கத்துக்கு 50 சென்ட். கேஸ் நம்பர் இல்லாமல் கேட்டு, தேட பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் இன்னொரு 15 டாலர். படி 3-ஐ விட்டுவிடாதீர்கள் என்பது இதற்காகவும்தான். அனுப்பும் முன் கோர்ட்டின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். எத்தனை பக்கம் என்று தெரியாதபோது, தொகையை எழுதாமல் 'இத்தனை டாலருக்கு மிகாமல்' என்று குறித்த செக்கைப் பல கோர்ட்டுகள் ஏற்கின்றன. வருமானம் குறைவாக இருக்கும் வழக்குத் தரப்பினர் எஃப்டபிள்யூ-001 படிவம் கொடுத்துக் கட்டண விலக்குக் கேட்கலாம். நகலும் சான்றும் அந்த விலக்கில் அடங்கும். தகுதி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ திரும்பிவிட்டீர்களா? அமெரிக்க வங்கி செக்குக்கு அலைய வேண்டாம். பொது ஆவணம் என்பதால் சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் ஒருவர் கேஸ் நம்பரோடு கவுண்டருக்குப் போய் வாங்கிவிடலாம்.

படி 5: கையில் வந்ததும் பாருங்கள்

கோர்ட்டின் முத்திரையும் கிளர்க்கின் கையெழுத்தும் இருக்கின்றனவா, பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்எல்-180-இன் மேல்பகுதியில் விவாகரத்து, சட்டப்படி பிரிந்து வாழ்தல், திருமணம் செல்லாது என்ற கட்டங்களில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். பிரிந்து வாழ்தல் என்றால் திருமணம் இன்னும் நீடிக்கிறது.

அடுத்து, திருமண உறவு முடியும் தேதி. தீர்ப்பு பதிவான தேதியும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதிர்மனுதாரருக்கு மனு சேர்ந்த நாளிலிருந்தோ அவர் முதலில் ஆஜரான நாளிலிருந்தோ ஆறு மாதம் கழியாமல் உறவு முடியாது. அதனால் தீர்ப்பு மார்ச்சில் பதிவாகியிருக்கும், உறவு முடியும் தேதி மே என்று இருக்கும். அந்தத் தேதிக்கு முன் செய்த மறுமணம் செல்லாது. விண்ணப்பப் படிவங்களில் விவாகரத்துத் தேதி என்று கேட்டால் எழுத வேண்டியதும் இந்தத் தேதியே.

ஸ்டேப்பிளை மட்டும் பிரிக்காதீர்கள். ஸ்கேன் எடுக்க வசதியாகப் பக்கங்களைக் கழற்றினால், பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு இடமாகி, அடுத்த அலுவலகத்தில் திருப்பி அனுப்பக்கூடும். இரண்டு நகலாகக் கேட்கச் சொன்னது இதனால்தான்: ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்று கொடுப்பதற்கு.

படி 6: இந்தியாவில் காட்ட வேண்டுமானால்

சான்றிட்ட நகலின் மேல் அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான உறுதிச் சான்று) வாங்க வேண்டும். அதைத் தருவது கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம். தபாலில் என்றால் சாக்ரமென்ட்டோவுக்கு அனுப்புங்கள். ஒன்றுக்கு 20 டாலர். எந்த நாட்டில் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அப்போஸ்டில் உறுதிப்படுத்துவது கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதை மட்டும். அந்தத் தீர்ப்பை இந்தியக் கோர்ட் ஏற்குமா என்பது தனிக் கேள்வி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும், 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அதை முடிவு செய்கின்றன. குறிப்பாக ஒரு தரப்பு ஆஜராகாமலே முடிந்த விவாகரத்து என்றால், இந்தியாவில் மறுமணத்துக்கு நாள் குறிக்கும் முன் அங்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

வேறு மாநிலத்தில் விவாகரத்து ஆனவர்களுக்கு

டெக்சஸில் கேட்க வேண்டியது அந்தந்தக் கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். அங்கே மாநில அலுவலகம் 1968 முதலான விவாகரத்துகளுக்கு ஒரு உறுதிக் கடிதம் தருகிறது; அது தீர்ப்பின் நகல் இல்லை. நியூயார்க்கில் கோப்பு கவுண்டி கிளர்க்கிடம் இருக்கும். ஆனால் கலிஃபோர்னியா போல யார் வேண்டுமானாலும் கேட்க முடியாது: வழக்கின் தரப்பினரும் அவர்களுடைய வக்கீல்களும் தவிர மற்றவர்களுக்கு, கோர்ட் உத்தரவு இல்லாமல், நூறு வருஷத்துக்குக் காட்ட மாட்டார்கள். ஆகவே நியூயார்க் கோப்புக்கு வெறும் கேஸ் நம்பரோடு நண்பரை அனுப்பிப் பயனில்லை. உங்கள் புகைப்பட அடையாள அட்டையோடு நீங்களே விண்ணப்பிப்பதோ வக்கீல் மூலம் கேட்பதோதான் நல்லது.