பழைய மாணவரைக் கௌரவிக்கும்போது நாம் விடும் பிழைகள்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் கௌரவிப்பு விழா. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் யுத்தகாலம் முழுக்க வேலை செய்து ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஒருவரை மேடைக்கு அழைத்தோம். “சுகாதாரத் துறையில் அளப்பரிய சேவையாற்றிய” என்று அறிவிப்பாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னத்தைக் கையில் கொடுத்து, படம் எடுத்து இறக்கிவிட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அம்மா தன் கதிரைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னத்தில் இருந்த தன் பெயரை வாசித்தார். தகப்பனின் முதலெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து இருந்தது. அழுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, சேலைத் தலைப்பால் அந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த அச்சுப்படியைப் பார்த்துச் சரி என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு இப்படியான பல விழாக்களில் வேலை செய்திருக்கிறேன். ஆளை அறியாமல் ஆளைக் கௌரவிப்பதுதான் எங்கள் முதல் பிழை, மற்றப் பிழைகள் பெரும்பாலும் அதன் பிள்ளைகள். பொன்னாடை எந்தக் கடையிலும் கிடைக்கும். “நீ செய்தது இன்னது என்று உன் பாடசாலைக்குத் தெரியும்” என்ற சொல்லைப் பாடசாலை மட்டும்தான் கொடுக்க முடியும். அதைக் கேட்கத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

நன்கொடையும் சாதனையும் ஒன்றல்ல

மிக அதிகமாக நடக்கும் பிழை இது, பேசத் தயங்குவதும் இதைத்தான். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஆய்வுகூடத்துக்குக் கணினி வாங்கித் தருகிறார், அல்லது மண்டபத்துக் கூரையைத் திருத்தித் தருகிறார். நல்ல மனம், நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நன்றியைச் சாதனையாளர் விருதாக மாற்றி, இருபது வருடம் ஆய்வு செய்த விஞ்ஞானிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தும்போது இருவரையுமே சிறுமைப்படுத்துகிறோம். விஞ்ஞானிக்குத் தன் உழைப்பு காசோடு நிறுக்கப்பட்டது போலத் தோன்றும். கொடுத்தவருக்கோ, கொடை விலையாகிவிட்டது போல இருக்கும். எல்லாவற்றையும்விட, கீழே இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுவிடும். எதைச் செய்தால் மேடை ஏறலாம் என்பதைப் பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிட வேகமாகப் படித்துக்கொள்வார்கள்.

இதற்கு வழி சுலபம். கொடையாளர்களுக்கு வேறொரு நாளில், சின்னதாக, அவர் கட்டிக் கொடுத்த அந்த இடத்திலேயே நன்றி சொல்லுங்கள். அந்தக் கணினியில் படிக்கும் பிள்ளை ஒன்று எழுந்து நாலு வார்த்தை பேசட்டும். தெரிவுக் குழுவில் நிதி சேர்ப்பவர்களை இருத்தாதீர்கள். அவர்கள் நேர்மையானவர்களாக இருந்தாலும் அவர்களுக்கே அது சங்கடம்.

“தற்போதைய பதவி” என்ற கட்டம்

தெரிவுப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். பெயர், கல்வித் தகைமை, தற்போதைய பதவி. இந்த மூன்று கட்டமும் வைத்தியரையும் பொறியியலாளரையும் கணக்காளரையும் தானாகவே மேலே கொண்டுவந்துவிடும். அவர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லவில்லை. அவர்களை மட்டுமே பார்க்கக் கற்றுக்கொண்டோம் என்கிறேன்.

1939இல் திருகோணமலையில் பிறந்து, இங்கே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் படித்தவர் தர்மு சிவராமு. பிரமிள் என்ற பெயரில் தமிழ் நவீன கவிதையின் முன்வரிசையில் நிற்பவர். தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே எழுதி வாழ்ந்து, 1997இல் வேலூருக்கு அருகே கரடிக்குடியில் காலமானார். இன்றைய படிவத்தை அவருக்காக நிரப்பினால் “தற்போதைய பதவி” என்ற கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். இந்த மண் பெற்ற மிகப் பெரிய எழுத்தாளர் ஒருவர் எங்கள் முதற்சுற்றிலேயே விழுந்திருப்பார்.

ஆகவே பதவியைக் கேட்காமல், “இவர் செய்ததால் யாருக்கு என்ன மாறியது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பேராசிரியரும் பதில் சொல்லலாம், கோயிலில் தவில் வாசிப்பவரும் சொல்லலாம், சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் வலைஞர்களைச் சேர்த்து ஒரு சங்கத்தைக் கட்டிக் காத்தவரும் சொல்லலாம். ஊரிலேயே இருப்பவர்களை மறப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. விமானம் ஏறி வருபவருக்கு மாலை. சைக்கிளில் வருபவருக்கோ, “நீங்கள்தானே எப்போதும் இருக்கிறீர்கள் ஐயா, அடுத்த முறை பார்ப்போம்” என்ற பதில். அந்த அடுத்த முறை வராமலே போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஒருவர் கடந்துவந்த தூரத்தையும் சேர்த்து அளவிடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, நகரத்துப் பாடசாலைக்கு வந்த அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதை என்று நாங்கள் சொல்லும் படகுக்குக் காத்து நின்று கடல் கடந்துதான் வந்தார்கள். 2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய பிள்ளைகள் பலர் கிளிவெட்டி போன்ற முகாம்களில் இருந்து படித்தார்கள், ஊர் திரும்ப ஏறக்குறைய பத்து வருடமானது. அப்படிப் படித்து ஆசிரியரான ஒருவரின் சாதனையும், ரியூசனும் வாகனமும் இருந்த ஒருவரின் சாதனையும் தாளில் ஒரே வரியாகத் தெரியும்.

யார் பழைய மாணவர்?

ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை வரும். உயர்தரம் முடித்தால்தான் எங்கள் பிள்ளை என்பார் ஒருவர், இரண்டு வருடம் படித்தாலும் போதும் என்பார் இன்னொருவர். 2024இல் காலமான அரசியல் தலைவர் இரா. சம்பந்தன் ஐயாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார், குருநாகல் புனித அன்னாள், திருகோணமலை புனித சூசையப்பர், மொரட்டுவை புனித செபஸ்தியார் என்று நாலு பாடசாலைகளில் படித்தவர். நாலும் அவரைத் தம் மாணவர் என்று சொல்லலாம், நாலுமே சரி. ஆட்களைத் தேடத் தொடங்குமுன் விதியை எழுதிவிடுங்கள். ஆளைப் பார்த்த பிறகு எழுதும் விதி அந்த ஆளுக்காகவே எழுதியதாகிவிடும். யுத்தத்தாலும் இடம்பெயர்வாலும் பாதியில் போனவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம், அவர்களை வெளியே விடும் விதி வேண்டாம் என்பது என் கருத்து.

பாடசாலையின் பெயரையும் கவனியுங்கள். 1960, 61 காலத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நிர்வாகம் மாறியது, சில இடங்களில் பெயரும் காலப்போக்கில் மாறியது. வயதானவரின் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், “இவர் எங்களிடம் படிக்கவில்லை” என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

பெயர், பட்டம், படம்

பெண்களின் பெயரில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். அனுமதிப் பதிவேட்டில் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருக்கும், அழைப்பிதழில் கணவர் பெயர் வந்துவிடும். வகுப்புத் தோழிகளுக்கே யாரென்று தெரியாமல் போய்விடுகிறது. 1923இலேயே தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெண் முன்னின்று பெண்களுக்கென ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியைத் தொடங்கிய ஊர் இது. இங்கே படித்த பெண்ணை “திருமதி இன்னார்” என்று மட்டும் எழுதி, அவர் பெயரையே விட்டுவிடுவது பெரிய குறை. தொலைபேசி எடுத்து, “அக்கா, உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?” என்று கேட்டுவிடுங்கள். அச்சுப்படியையும் அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்த பிறகு அச்சகத்துக்குக் கொடுங்கள். நான் படித்த பாடம் அது.

பட்டங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து பெற்ற கலாநிதிப் பட்டம் வேறு, காசு கட்டி வாங்கும் பட்டம் வேறு. அரசு தரும் தேசிய விருது வேறு, அதே மாதிரி ஒலிக்கும் பெயரில் சங்கங்கள் விற்கும் விருது வேறு. எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம் என்று கேட்பது அவமரியாதை இல்லை. உண்மையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். “இலங்கையிலேயே முதல் தமிழர்”, “ஆசியாவிலேயே முதல் பெண்” போன்ற வரிகளைச் சான்று இல்லாமல் விழா மலரில் போடவே போடாதீர்கள். மலர் நூலகத்தில் இருக்கும், பிறகு வருபவர்கள் அதைத்தான் எடுத்து எழுதுவார்கள்.

விழா நாள்

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆடி, ஆவணியில்தான் வருவார்கள். அதனால் விழாவை ஓகஸ்ட் விடுமுறையில் வைத்துவிடுகிறோம். மண்டபம் நிறைந்திருக்கும், ஆனால் சீருடையோடு ஒரு பிள்ளையும் இராது, பான்ட் வாத்தியத்துக்குப் பிடித்துவந்த பிள்ளைகளைத் தவிர. யாருக்குக் காட்ட இந்த விழா? பாடசாலை நாளில் வையுங்கள், அல்லது விடுமுறை தொடங்கும் வாரத்தில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி வேண்டாம். வாடைக்கால மழை ஒரு பக்கம், பரீட்சை மறு பக்கம். வெள்ளிக்கிழமை நடுப்பகலும் வேண்டாம், முஸ்லிம் பழைய மாணவர்கள் ஜும்ஆவுக்குப் போக வேண்டும்.

வரவேற்பதற்கென்று பிள்ளைகளைப் பூத்தட்டோடு வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தும் வழக்கத்தை விட்டுவிடலாம். பேச்சாளர் பட்டியலையும் குறையுங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து கௌரவம் பெறுபவருக்கு மூன்று நிமிடம் மிஞ்சினால் அது யாருடைய விழா? தேர்தல் காலத்தில் அரசியல்வாதியைப் பிரதம விருந்தினராக அழைக்காதீர்கள். அன்றைய பேச்சு முழுக்க அவரைச் சுற்றித்தான் போகும்.

மங்கல விளக்கு ஏற்றும்போது நடப்பது ஒன்று என் மனதை எப்போதும் உறுத்தும். கணவரை இழந்த பெண்கள் விளக்குப் பக்கம் வராமல் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். கௌரவம் பெறுபவரே அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன், கௌரவம் பெற்ற மகனின் தாய் நின்றதையும் பார்த்திருக்கிறேன். யுத்தம் எத்தனை வீடுகளில் இந்த நிலையை ஆக்கியது என்று எங்களுக்குத் தெரியாதா? முதல் திரியை ஏற்ற அவர்களையே அழையுங்கள். ஒருமுறை அதிபர் இறங்கிப்போய், “அம்மா, நீங்கள்தான் ஏற்ற வேண்டும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மண்டபத்தில் ஒருவரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

இறந்தவரைக் கௌரவித்தால் மாலை போட்ட படத்தோடு நிறுத்தாமல் குடும்பத்தை அழையுங்கள். சாதிக்கக் காலம் கிடைக்காமல் போனவர்களுக்கும் மலரில் ஒரு பக்கம் இருக்கட்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களுக்கும் ஒரு எதிர்காலம் இருந்தது. குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் விரும்பும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

படிப்பித்தவர்களை மறவாதீர்கள். விபுலானந்த அடிகள் அதிபராக இருந்த கல்லூரி உள்ள ஊர் இது. கௌரவம் பெறுபவரிடம் “உங்களை யார் படிப்பித்தார்கள்?” என்று கேட்டால் முகம் மலரும். அந்தச் சேரோ டீச்சரோ உயிரோடு இருந்தால் வாகனம் அனுப்பிக் கூட்டிவந்து, பொன்னாடையை அவர் கையால் போர்த்த விடுங்கள்.

மறுநாள் இன்னும் முக்கியம். வந்தவரை மேடையோடு அனுப்பிவிடாமல் ஒரு பாடவேளை பத்தாம் வகுப்பில் இருக்கச் சொல்லுங்கள். மேடையில் கேட்க முடியாததைப் பிள்ளைகள் அங்கே கேட்பார்கள். “சேர், நீங்கள் கணக்கில் பெயில் விட்டிருக்கிறீர்களா?” என்று ஒரு பிள்ளை கேட்க, “இரண்டு தரம்” என்று ஒரு பொறியியலாளர் சொன்னார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியாக, அறிமுகத்தை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு. பாடசாலை அலுவலகத்துக்குப் போய், அதிபரின் அனுமதியோடு அனுமதிப் பதிவேட்டைத் திறவுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு ஒருமுறை அப்படிச் செய்தோம். அடைமொழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த வரியை மட்டும் வாசித்தோம்: அனுமதி இலக்கம், சேர்ந்த திகதி, தகப்பன் பெயர், தொழில் கடற்றொழில், முகவரி. தகப்பனின் தொழிலை வாசித்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு பேச வந்தபோது தயார்செய்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தகப்பன் கொட்டும் மழையிலும் தன்னைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த அந்த நாளைப் பற்றி மட்டும் பேசினார்.

அந்தப் பதிவேட்டின் விளிம்பு அரித்திருந்தது, புரட்டும்போது பக்கம் உதிர்ந்தது. 1964 சூறாவளியும் 2004 கடற்கோளும் பார்த்த ஊரில் இவ்வளவாவது மிஞ்சியிருப்பது பெரிய காரியம். அடுத்த விழாவுக்குச் சேரும் காசில், மேடை அலங்காரத்துக்கு முன், ஒரு நல்ல கமராவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு சனிக்கிழமையும் ஒதுக்கி, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள்.