சரளைப் பாதைக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

வெயிலிலிருந்து சட்டென்று மரநிழலுக்குள் சைக்கிள் நுழையும்போதுதான் கண்ணாடியின் லட்சணம் தெரியும். கன்னங்கரேல் லென்ஸ் என்றால் குழி எது, கல் எது என்று தெரியாது.

வாங்கும்போது நிறத்துக்கு முன், லென்ஸ் உள்ளே விடும் ஒளி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பெட்டியில் 'விஎல்டி' என்று இருக்கும். 8 முதல் 18 வரை (வகை 3) உச்சி வெயிலுக்கு. வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தால் 18 முதல் 43 (வகை 2). ஒரே லென்ஸ்தான் வாங்குவீர்கள் என்றால் 25–30 சதவீதத்தில் ரோஸ் அல்லது செம்பழுப்பு எடுங்கள். மண்ணின் மேடுபள்ளம் எடுப்பாகத் தெரியும்.

தானாக நிறம் மாறும் போட்டோக்ரோமிக் லென்ஸைக் கண்மூடி நம்ப வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் சில வினாடிகளில் கறுக்கத் தொடங்கும். தெளியவோ சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் தோப்பே முடிந்துவிடும்! விடியற்காலை கிளம்பி வெயிலேறித் திரும்புபவருக்கு அருமை. ஆனால் சூட்டில் இது முழுதாகக் கறுக்காது, சித்திரை மாதத்தில் கவனியுங்கள்.

எதிரொளிக் கூச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி: ஈரப் பாறையின் பளபளப்பை மறைத்துவிடும், வழுக்குமிடம் தெரியாது, சில ஜிபிஎஸ் திரைகளும் இருண்டு தெரியும்.

பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ், யூவி 400 (புற ஊதாக் கதிர்த் தடுப்பு) இரண்டும் கட்டாயம். கடையில் ஹெல்மெட்டோடு போட்டுப் பார்த்து, தலையைக் குனிந்து ஆட்டுங்கள். நழுவினால் வேறு எடுங்கள். புருவத்தோடு ஒட்டினால் ஏற்றத்தில் ஆவி படியும். தூசியைச் சட்டையால் துடைக்காமல் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.