இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம்: எந்தச் சீட்டு செல்லும்?

கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்குப் போன ஐப்பசி மழையில் டெங்கு. பக்கத்துத் தெரு தனியார் மருத்துவமனையில் பத்து நாள் கிடந்தான். தேறியதும், நோயால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தரும் பணத்தைக் கேட்க, மாத்திரைச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக்கடை ரசீது என்று மஞ்சள் பை நிறைய அதன் கிளை அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். பணம் கிடைக்காமல் பையோடு திரும்பி வந்தான். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் ஒன்றுதான் அதில் இல்லை.

முதல் படி: படுத்த அன்றே அட்டையை எடுத்துக்கொண்டு உங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்; "வேலைக்குப் போக முடியவில்லை, சான்றிதழ் வேண்டும்" என்று வாய்திறந்து கேளுங்கள். முதலில் ஒரு சான்றிதழ், ஓய்வு நீண்டால் இடையில் ஒன்று, உடம்பு தேறியதும் இறுதிச் சான்றிதழ். தேதிகள் சங்கிலிபோல் தொடர வேண்டும். நடுவில் விட்டுப்போன நாளுக்குக் காசு கேட்க முடியாது.

இரண்டாம் படி: பெயர், இன்சூரன்ஸ் எண், தேதி, கையெழுத்து, முத்திரை ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபாருங்கள்.

மூன்றாம் படி: சான்றிதழ் தந்த மூன்று நாளுக்குள் கிளை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். தபாலிலும் அனுப்பலாம். தள்ளிப்போட்டால் பழைய நாட்களுக்கான பணம் கைநழுவும்.

கிடைப்பது சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. கூலி 600 ரூபாய், ஏழு நாள் ஓய்வு என்றால் ஐந்து நாளுக்கு 420 வீதம் 2,100 ரூபாய். அதற்குரிய ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா (இ.எஸ்.ஐ.க்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை) கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கு இதையும் சேர்த்து வாங்க முடியாது.

நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினால்? அப்போது வேறு மருத்துவரின் சான்றையும் இ.எஸ்.ஐ. ஏற்கலாம்; ஆனால் அது அவர்கள் முடிவு. நோயின் பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். மருந்தகத்துக்கு ஏன் போகவில்லை என்று ஒரு கடிதமும் வையுங்கள்.

சித்தப்பா மகன் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டான். மருத்துவரின் பதிவு எண்ணோடு டிஸ்சார்ஜ் சீட்டு வாங்க இன்று காலை போயிருக்கிறான்.