401கே திட்டத்தை வெளியாட்களிடம் கொடுத்த பிறகு முதலாளிகள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இருபது முப்பது பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி நடத்துகிறீர்கள், ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் 401கே திட்டமும் வைத்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். கணக்கு வைக்க ஒரு ரெக்கார்ட்கீப்பர், வருடாந்திரச் சோதனைகளுக்கும் படிவங்களுக்கும் ஒரு டிபிஏ (வெளியிலிருந்து திட்ட நிர்வாகம் செய்து தரும் நிறுவனம்), ஃபண்டு தேர்வுக்கு ஓர் ஆலோசகர், சம்பளம் போட ஒரு பேரோல் கம்பெனி என்று நாலு பேர் இருப்பதால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். ஊழியர்களின் ஓய்வுக்காலத் திட்டங்களைப் பாதுகாக்கும் 1974-ஆம் ஆண்டு எரிசா சட்டப்படி இவர்களைத் தேர்ந்தெடுப்பதும், ஒழுங்காகச் செய்கிறார்களா என்று தொடர்ந்து பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. முதலீட்டுத் தேர்வை முழுவதுமாக ஒரு மேலாளரிடம் எழுதிக் கொடுத்தாலும் அவரைக் கண்காணிக்கும் கடமை உங்களிடமே இருக்கும்.

பேரோலுக்கும் ரெக்கார்ட்கீப்பருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நிறைய தப்பு நடக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் திட்ட ஆவணம் போனஸையும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டது, பேரோலிலோ போனஸுக்குப் பிடித்தம் இல்லை என்று அமைத்து வைத்திருந்தார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர் யாருமே இல்லை. அது தெரிய வந்தபோது, விட்டுப்போன பிடித்தத்தில் ஒரு பங்கு, ஊழியர் போடும் பணத்துக்கு ஈடாகக் கம்பெனி தர வேண்டிய மேட்ச், அந்தப் பணம் ஈட்டியிருக்கக்கூடிய லாபம் எல்லாமே கம்பெனி கையிலிருந்து போனது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஆவணத்தில் சம்பளம் என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று எடுத்துப் பேரோலோடு ஒப்பிட்டுவிடுங்கள். அப்புறம், பிடித்த பணத்தைக் கட்ட அடுத்த மாதம் பதினைந்தாவது வேலை நாள் வரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கடைசி எல்லை மட்டுமே, முடிந்தவரை சீக்கிரம் கட்ட வேண்டும் என்பதுதான் விதி. 100 பேருக்குக் குறைவான திட்டமென்றால் 7 வேலை நாளுக்குள் கட்டிவிட்டால் பயமில்லை.

கட்டணம் பற்றிப் பேசக் கூச்சப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2012 முதல் சேவை தருபவர்கள் தாங்கள் நேரடியாகவும் மறைமுகமாகவும் பெறுவதை உங்களுக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அந்தத் தாள் வருகிறது, ஃபைலுக்குள் போகிறது, அவ்வளவுதான். அமெரிக்கத் தொழிலாளர் துறையே ஒரு கணக்குச் சொல்கிறது: 25,000 டாலர், மேற்கொண்டு எதுவும் போடாமல் 35 வருடம், ஆண்டுக்கு 7% வளர்ச்சி. கட்டணம் 0.5% என்றால் சுமார் 2,27,000 டாலர் கிடைக்கும், 1.5% என்றால் சுமார் 1,63,000தான். இந்தப் பணம் உங்கள் ஊழியருடைய முதுமைக்கானது, அதனால் சில வருடங்களுக்கு ஒரு முறையாவது வேறு இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். விலை குறைந்தவரிடமே போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமான கட்டணமா என்பதுதான் கேள்வி.

திட்டத்தைப் பற்றி ஆண்டுதோறும் அரசுக்குத் தரும் படிவம் 5500-ஐ டிபிஏ தயாரித்தாலும் கையெழுத்து உங்களுடையது, படித்துப் பார்த்துப் போடுங்கள். திட்டப் பணத்தைக் கையாள்பவர்கள் மோசடி செய்தால் ஈடுகட்டும் ஃபிடெலிட்டி பாண்ட் பொதுவாகத் திட்டச் சொத்தில் 10% இருக்க வேண்டும். சொத்து வளர்ந்தும் பாண்ட் பழைய தொகையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

ரெக்கார்ட்கீப்பரை மாற்றுவதென்று முடிவெடுத்தால் அவசரம் வேண்டாம். கணக்குகள் இடம் மாறும்போது தொடர்ந்து மூன்று வேலை நாளுக்கு மேல் பணத்தைத் தொட முடியாது என்றால், குறைந்தது 30 நாள் முன்பே ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். வீடு வாங்க 401கே கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தவர் யாராவது இருந்தால், அந்த ஒரு மாதம்தான் அவர் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் நேரம்.