இடது பக்கமே திரும்பிய இரட்டை நூல் பட்டம்

இரண்டு நூல் பிடித்து ஓட்டும் ஸ்போர்ட் பட்டம். கைகளைச் சமமாக வைத்தாலும் மேலே ஏறும்போது இடது பக்கமே திரும்பியது. வலது கையை மூன்று விரல் அளவு பின்னால் இழுத்தால்தான் நேராக ஏறும்.

முதலில் சூத்திரத்தை, அதாவது பட்டத்தில் கட்டி நூலை மாட்டும் கயிறுகளை, சந்தேகப்பட்டேன். இரு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தேன், பிசகே இல்லை. அப்புறம் கார்பன் குச்சிகளை இடம் வலம் மாற்றிப் போட்டேன். காற்றைக் குறை சொல்லி இரண்டு நாள் போயிற்று. நூல்களையும் புல்தரையில் விரித்துப் பார்த்திருந்தேன். 25 மீட்டரும் சமமாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சும்மா நூல்களை மட்டும் இடம் மாற்றி மாட்டினேன். இப்போது பட்டம் வலது பக்கம் திரும்பியது! அப்படியானால் கோளாறு பட்டத்தில் இல்லை.

இரு நூல்களையும் தரையில் அடித்த ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து விறைப்பாக இழுத்தேன். ஒன்று மற்றதைவிட 5 செ.மீ. நீளமாக இருந்தது. தளர்வாகக் கிடக்கும் நூலில் இருக்கும் லேசான நெளிவே அந்த 5 செ.மீ.யை மறைத்துவிடும்.

காரணம் முனையில் இருந்தது. டைனீமா என்ற செயற்கை இழை நூல் வழுவழுப்பானது, முடிச்சில் எளிதில் நழுவும். முனையில் நூலைச் சுற்றி மாட்டியிருந்த உறைக்கு வெளியே நீட்டி விட்டிருந்த நூல் வால் அந்த ஒரு முனையில் மட்டும் உள்ளே போயிருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்து, உறையோடு சேர்த்து இறுக்கிப் போட்டேன். மறுபடி முளையில் மாட்டி, பலமாக இழுத்து, நீளத்தைச் சரி பார்த்தேன். மாலையில் பட்டம் நேராக ஏறியது, அப்பாடா.